விசுவாசத்தினால் இரட்சிப்பு என்றால் நற்கிரியைகள் எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது. “மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்” என்று ரோமர் 3:28இல் பவுல் தீர்த்துச் சொல்கிறார். “மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்” என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. இரண்டும் ஒரே வேதாகமத்தில் இருக்கின்றன. எதை ஏற்பது? நற்கிரியை இல்லாதவனுக்கு இரட்சிப்பு உண்டா? நன்மை செய்தே வாழ்ந்தும் கிறிஸ்துவை விசுவாசியாதவரின் நிலை என்ன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்சிப்பு முழுக்க முழுக்கக் கிருபை. அதை நாம் விசுவாசத்தினால் பெற்றுக்கொள்கிறோம். நற்கிரியை அதற்குக் கொடுக்கும் விலை ஆகாது. ஆனால் இரட்சிப்பு வந்த இடத்தில் நற்கிரியை இல்லாமலும் போகாது. இந்த அளவுக்குச் சபைகளில் பலரும் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது மனதில் ஒட்டுவதில்லை. “சரி, செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதானே” என்ற எண்ணம் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. கிரியையை விலையாக்கினால் எது கெடுகிறது, கிரியையை விட்டுவிட்டால் எது சாகிறது என்று பார்த்தால்தான் இந்தச் சிக்கல் அவிழும். அதற்குப் பவுலும் யாக்கோபும் என்ன நடந்தபோது இப்படிப் பேசினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பவுலின் வாக்கியம் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் எழுந்த சண்டையோடு சேர்ந்து நமக்கு வருகிறது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இடம் அந்தியோகியா, சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதல் வழங்கிய ஊர். அங்கே யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். அவருக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. செசரியாவில் கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் போனவர் அவர். “விருத்தசேதனமில்லாதவர்களோடு போஜனம்பண்ணினீரே” என்று எருசலேமில் கேட்டபோது, பின்வாங்காமல் பதில் சொன்னவரும் அவரே. அப்படிப்பட்டவர், எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் பயந்துபோய்ப் பந்தியிலிருந்து விலகிவிட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாகூட இழுபட்டுப் போனார்.

அந்தப் பந்தியில் மிச்சம் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை சகோதரர் என்று சொல்லி எதிரே உட்கார்ந்து அப்பம் பிட்டவர்கள் இன்று எழுந்து போய்விட்டார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஆனாலும் சேதி வந்து சேர்ந்துவிட்டது: உனக்குக் கிறிஸ்து மட்டும் போதாது, விருத்தசேதனத்தையும் எங்கள் உணவு முறையையும் ஏற்றுக்கொண்டு வா, பிறகு சேர்ந்து சாப்பிடலாம். பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே எதிர்த்தார். அந்த நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்று எழுதுகிறார். தேவன் ஏற்றுக்கொண்டவனை ஏற்றுக்கொள்ள நாம் இன்னொரு தகுதி கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்த இடத்தில் அவர் இந்தப் போதனையைக் கையில் எடுத்தார்.

1977இல் இ. பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, அவரைத் தொடர்ந்து ஜேம்ஸ் டன், என். டி. ரைட் முதலிய அறிஞர்கள் இந்தப் பின்னணியை அழுத்திச் சொன்னார்கள். பவுல் “கிரியைகள்” என்று குறிப்பிடும்போது விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்ற யூத அடையாளங்களே முதலில் அவர் மனதில் இருந்தன என்பது டன்னின் வாதம். அதில் உண்மை இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பவுலைக் குறுக்கிவிடுவோம். “கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்” என்று ரோமர் 4:4இல் அவர் எழுதும்போது பேச்சு அடையாளங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. தீத்து 3:5இல் “நாம் செய்த நீதியின் கிரியைகள்” என்றே வருகிறது. நல்ல செயலாகவே இருந்தாலும், தேவன் நமக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று சொல்லும் உரிமையை அது தராது.

இனி யாக்கோபு. அவருடைய 2ஆம் அதிகாரத்தைப் பலரும் 14ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள், அதனால்தான் குழப்பம். முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். சபை கூடியிருக்கிறது. பொன்மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்த ஒருவர் வருகிறார். கந்தை உடுத்த ஏழை ஒருவரும் வருகிறார். முதல்வரைப் பார்த்து, இந்த நல்ல இடத்தில் உட்காரும் என்கிறார்கள். ஏழையிடம், நீ அங்கே நில், இல்லாவிட்டால் என் பாதபடியண்டையில் உட்கார் என்கிறார்கள். இதுதான் யாக்கோபுக்குப் பொறுக்கவில்லை. அதன் தொடர்ச்சியாகவே, உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடாமல் இருப்பவரைப் பற்றி எழுதுகிறார். அந்த வாழ்த்து பக்தியோடு சொன்னதுதான். வயிறு மட்டும் காலியாகவே திரும்பிப் போகிறது.

ஆக, அந்தியோகியாவில் ஒருவனைப் பந்தியில் தனியாக விட்டுவிட்டு எழுந்தார்கள். யாக்கோபின் வாசகர்கள் ஒருவனைச் சபையில் நிற்கவைத்தார்கள். பவுல் எதிர்ப்பது தகுதி கேட்டு வாசலை அடைப்பவர்களை. யாக்கோபு எதிர்ப்பது, வாசல் திறந்துதானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவனை உட்காரவிடாதவர்களை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கல் எறிந்துகொள்வதாக நான் ஒருபோதும் வாசித்ததில்லை. ஒரே வீட்டைக் காக்க இருவேறு வாசல்களில் நின்று போராடுகிறார்கள்.

யாக்கோபு பழிக்கிற விசுவாசம் எது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: தேவன் ஒருவர் என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. உண்மையை ஒப்புக்கொள்ளும் அறிவு அது. அதைப் பவுல் எந்த இடத்திலும் இரட்சிக்கும் விசுவாசம் என்று சொன்னதில்லை. கிறிஸ்து இயேசுவினிடத்தில் “அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும்” என்பது கலாத்தியர் 5:6. கிரியை வேண்டாம் என்று சொன்னதாகக் கருதப்படும் அதே நிருபத்தில்தான் இந்த வரி இருக்கிறது.

ஆபிரகாம் கதையை இருவரும் எடுத்தாள்வதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6ஐ இருவரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பவுல் அந்த வசனம் எப்போது சொல்லப்பட்டது என்று பார்க்கிறார். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. 15ஆம் அதிகாரம் அதற்கும் முந்தியது. விருத்தசேதனம் பெற்றபோது வயது 99. இடையில் 13 ஆண்டுகளுக்குக் குறையாத காலம். ஆகவே நீதிமானாக எண்ணப்பட்டபோது அவர் விருத்தசேதனம் இல்லாதவர் என்பது ரோமர் 4இல் பவுலின் வாதம். யாக்கோபோ, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். அந்த நாளில் 15:6 “நிறைவேறிற்று” என்கிறார். வாக்குக் கிடைத்த நாளைப் பவுல் பார்க்கிறார். அந்த வாக்கை நம்பியவர் பல ஆண்டுகள் கழித்து என்ன செய்தார் என்று யாக்கோபு பார்க்கிறார். ஆபிரகாமோடு யாக்கோபு சேர்த்துச் சொல்லும் இன்னொரு பெயர் ராகாப்; வேற்று மனிதருக்கு வீட்டில் இடம் கொடுத்தவள். அவர் மனதில் ஓடுவது கடைசிவரை இடம் கொடுப்பதைப் பற்றித்தான்.

கிரியையை விலையாக்கினால் என்ன கெடுகிறது என்று கேட்டேன் அல்லவா? நான் பசித்தவனுக்குச் சோறு போடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரலோகக் கணக்கில் ஒரு வரவு சேரும் என்பதற்காகப் போட்டால், அவனுடைய பசி எனக்கு ஒரு வாய்ப்பு ஆகிவிடுகிறது. அவன் பசித்திருப்பது எனக்கு லாபம். அவன்மேல் வைத்த அன்பு என்று நான் சொல்லிக்கொள்வது உண்மையில் என்மேல் வைத்த அன்பு. விலையாக்கப்பட்ட கிரியை நற்கிரியையாகவே இருப்பதில்லை. என் இரட்சிப்பு ஏற்கெனவே கிறிஸ்துவினால் முடிந்துவிட்டது, எனக்கென்று சம்பாதிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று ஆனபிறகுதான், எதிரே நிற்பவனை அவனுக்காகவே பார்க்க முடிகிறது. விசுவாசம் மட்டுமே என்ற போதனை மனிதரைச் சோம்பேறியாக்கும் என்ற குற்றச்சாட்டு ரோமர் 6ஆம் அதிகாரத்தின் நாளிலிருந்தே இருக்கிறது. சரியாகப் புரிந்துகொண்டால் அது கிரியையை முதல்முறையாக நல்லதாக்குகிறது.

மத்தேயு 25 இதற்குப் பெரிய சாட்சி. கிரியையினால் இரட்சிப்பு என்பதை நிரூபிக்கத்தான் அந்தப் பகுதியை அதிகமாக எடுக்கிறார்கள். ராஜா வலதுபக்கத்தில் இருப்பவர்களிடம், பசியாயிருந்தேன் போஜனங்கொடுத்தீர்கள் என்கிறார். அவர்கள் கேட்பது என்ன? எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்? அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கணக்கு வைத்துக்கொண்டு செய்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நாளும் தொகையும் சொல்வார்கள். இன்னொன்றும் இருக்கிறது. “உலகம் உண்டானதுமுதல் உங்களுக்காக ஆயத்தம்பண்ணப்பட்டிருக்கிற ராஜ்யத்தைச் சுதந்தரித்துக்கொள்ளுங்கள்” என்றே ராஜா அழைக்கிறார். சுதந்தரம் பிள்ளைக்கு வருவது, கூலியாளுக்கு வருவதில்லை. அவர்கள் ஒரு கவளம் கொடுப்பதற்கு முன்பே, அவர்கள் பிறப்பதற்கு முன்பே, அது ஆயத்தமாக இருந்தது. அதே நேரத்தில் இடதுபக்கத்தில் இருப்பவர்களும் “ஆண்டவரே” என்றுதான் அழைக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அழைப்பு சரியாக இருந்தது. பசித்தவனை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

முதலில் கிருபை, பிறகு கிரியை என்ற இந்த வரிசை சகேயுவின் வீட்டில் கண்ணெதிரே நடக்கிறது. எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான், ஊர் வெறுத்த மனிதன். அவன் ஒன்றும் செய்வதற்கு முன்பே, இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஊர் முறுமுறுக்கிறது. அதன்பிறகுதான் சகேயு எழுந்து, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7. நூறுக்கு நூற்றிருபது. சகேயு நானூறு என்கிறான். அவனிடம் யாரும் தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூற்றிருபதோடு நின்றிருப்பான் என்றே நினைக்கிறேன்.

சபை வரலாற்றில் இந்த வரிசை பலமுறை புரண்டிருக்கிறது. மனிதன் தன் சித்த பலத்தால் நீதியாக வாழ முடியும் என்ற பெலாஜியஸின் போதனையை அகஸ்டீன் எதிர்த்தார். 529இல் ஆரஞ்ச் நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கம்கூடக் கிருபையின் வேலை என்று தீர்த்தது. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக லுத்தர் எழுந்தபோது சண்டை முழுவீச்சில் திரும்பியது. லுத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் கிரியையை இகழ்ந்தார் என்று முடிவுகட்டுவது நியாயமல்ல. அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நெருப்பிலிருந்து வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல் விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்று எழுதியவரும் அவரே.

அவர் இறந்தபிறகு லுத்தரன்களுக்குள்ளேயே நடந்த ஒரு தகராறு அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அது மிகவும் பாடமாக இருந்தது. கெயோர்க் மேயர் என்ற விட்டன்பர்க் பேராசிரியர், நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்றார். லுத்தரின் நெருங்கிய நண்பராக இருந்த நிக்கோலாஸ் ஃபான் ஆம்ஸ்டார்ஃப் கொதித்துப்போய், நற்கிரியைகள் இரட்சிப்புக்குக் கேடு என்றே எழுதினார். அவற்றை நம்பி ஒருவன் கிறிஸ்துவை விட்டுவிடுவான் என்பது அவருடைய பயம். 1577இல் எழுதப்பட்ட ஒப்புரவு அறிக்கை இரண்டு வாக்கியங்களையும் தள்ளியது. நற்கிரியை அவசியம்தான், தேவனுடைய கட்டளையாகவும் விசுவாசத்தின் கனியாகவும் அவசியம், இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்காக அவசியம் என்று சொல்லக் கூடாது. வாயால் சொல்ல எளிய வேறுபாடுதான். ஆனால் பிரசங்க மேடையில் இன்றும் ஒரு வாரம் மேயரும் மறுவாரம் ஆம்ஸ்டார்ஃபும் பேசுவதைக் கேட்கலாம்.

கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்கிறார்கள் என்று சீர்திருத்த சபைகளில் சொல்வது வழக்கம். திரெந்து சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியை வாசித்தால் அப்படிச் சொல்ல நா கூசும். இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் தெய்வக் கிருபை இல்லாமல், மனிதன் தன் கிரியைகளால் தேவனுக்கு முன்பாக நீதிமானாக முடியும் என்று சொல்பவனை அந்த விதி சபிக்கிறது. நீதிமானாக்கப்படுவதற்கு முன் வரும் விசுவாசமோ கிரியையோ எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்பின் செயலை விசுவாசித்து, தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். பரிசுத்த ஆவியானவர் நம்மைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்பது அதன் மையம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. வேறுபாடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நீதிமானாக்கப்பட்டவர் கிருபையில் செய்யும் கிரியைக்குப் பலனுக்குரிய தகுதி உண்டா, அவரில் மீந்திருக்கும் இச்சையைப் பாவம் என்று சொல்லலாமா என்பன போன்ற கேள்விகள் நிற்கின்றன. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், நீதிமான் என்று தீர்ப்பது போன்ற இந்த வழக்குமன்ற மொழியிலேயே அதிகம் பேசுவதில்லை. தேவ கிருபையோடு மனிதன் ஒத்துழைத்து அவருடைய சாயலில் வளர்வதே இரட்சிப்பு என்று பேசுகிறார்கள். பிலிப்பியர் 2:12, 13ஐ அவர்கள் வாசிக்கும் விதத்தை நான் மதிக்கிறேன்: பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே.

“கிரியை இல்லாமலே கள்ளன் பரதீசுக்குப் போனானே” என்று கேட்பவர்களுக்கு: லூக்கா 23:40, 41ஐ வாசியுங்கள். இயேசுவின் அருகே சிலுவையில் அறையப்பட்டு, கைகால் அசைக்க முடியாத நிலையில் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பழிதூற்றிய மற்றவனைக் கடிந்துகொண்டான். ஊரே கைவிட்ட ஒருவரைத் தகாதது ஒன்றும் செய்யாதவர் என்று வெளிப்படையாகச் சொன்னான். அவனை இரட்சித்தது அவையல்ல, அவன் வேண்டிக்கொண்டவரே இரட்சித்தார். ஆனாலும் மிச்சமிருந்த சில மணிநேரத்தில் அவனுடைய விசுவாசம் சும்மா இருக்கவில்லை.

கிறிஸ்துவை அறியாமல் நன்மை செய்து வாழ்ந்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன். தீர்ப்புச் சொல்லும் இடம் எனக்குக் கொடுக்கப்படவில்லை. அவர்களுடைய நன்மை நன்மையே. இருதயத்தில் எழுதப்பட்ட பிரமாணத்தைப் பற்றி ரோமர் 2இல் பவுலே பேசுகிறார். கொர்நேலியுவின் தர்மங்கள் தேவ சந்நிதியில் எட்டின என்று அப்போஸ்தலர் 10 சொல்கிறது. அப்படிப்பட்டவருக்கும் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லப் பேதுரு அனுப்பப்பட்டார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. யார் இரட்சிக்கப்பட்டாலும் அது கிறிஸ்துவின் கிருபையினால்தான் என்பதுவரை நிச்சயமாகச் சொல்வேன். அதைத் தாண்டி ஆட்களைப் பெயர் சொல்லிப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாக, “என் வாழ்க்கையில் கனி போதவில்லை, அப்படியானால் என் விசுவாசம் செத்ததா?” என்று பயப்படுகிறவர்களுக்கு. யாக்கோபு அந்தக் கடிதத்தை எழுதியது பயந்தவர்களை உலுக்க அல்ல. கவலையே இல்லாமல் நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை உலுக்க. எத்தனை கிரியை செய்தால் போதும் என்று எண்ணத் தொடங்கினால் மறுபடியும் கூலிக் கணக்குக்குத்தான் வந்து சேர்வீர்கள். அந்தக் கணக்கு எந்தத் தொகையிலும் நிம்மதி தராது. 1 யோவான் 3ஆம் அதிகாரம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனுக்குள் தேவ அன்பு எப்படி நிலைகொள்ளும் என்று 17ஆம் வசனம் கேட்கிறது. நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்தவர் என்று 20ஆம் வசனம் சொல்கிறது. உங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பத் தோண்டி விசுவாசம் இருக்கிறதா என்று தேட வேண்டாம். 20ஆம் வசனத்தை நம்பி, 17ஆம் வசனத்தில் நிற்கும் சகோதரனிடம் போங்கள்.